சம்கீலாவுக்கு வக்கீல் எதுக்கு?

"அமர் சிங் சம்கீலா" படத்தை முதல் தடவை அம்மாகூட உக்காந்துதான் பாத்தேன். ரஹ்மான் மியூசிக், ஒரு பாட்டுக்காரனோட கதை, நெட்ஃப்ளிக்ஸ்ல இருக்கு, ஞாயித்துக்கிழமை மதியம், மீன்குழம்பு சாப்பிட்ட மயக்கம், இதுக்கு மேல என்ன யோசிக்கறதுன்னு போட்டுட்டேன். அம்மாவுக்கு இந்தி தெரியாது, கீழ ஓடற சப்டைட்டிலும் படிக்க வராது, அதனால நான்தான் பக்கத்துல உக்காந்து சொல்லிட்டே வரணும், இந்திப் படம்னா எங்க வீட்ல எப்பவும் அப்படித்தான். ஆரம்பத்துல ஒரு பிரச்சனையும் இல்ல. கார் வந்து நிக்குது, இறங்கறாங்க, சுடறாங்க, புருஷனும் பொண்டாட்டியும் விழறாங்க. "அய்யய்யோ, யாருடி இதுங்க?"ன்னு கேட்டாங்க, சொன்னேன்.

அப்புறம்தான் பாட்டு ஆரம்பிச்சுது.

பஞ்சாபில அவர் பாடற வரிகளுக்கு அர்த்தத்தைத் திரை மேலயே கொட்டை எழுத்துல போடறாங்க, நமக்குப் புரியாம போயிடுமோன்னு டைரக்டருக்கு அவ்வளவு கவலை. மச்சான் மச்சினிச்சிகிட்ட பேசற பேச்சு, கொழுந்தனும் அண்ணியும், ஊர்ல கண்ணை மூடிக்கிட்டு போற எல்லா விவகாரமும் வரிசையா வருது. "என்னடி பாடுறான்?" "சும்மா, காதல் பாட்டும்மா." அடுத்த பாட்டு. "இது?" "இதுவும் காதல் பாட்டுதான்." கை தன்னால ரிமோட்டுக்குப் போய் சத்தத்தை ரெண்டு புள்ளி குறைச்சுது, ஏன் குறைச்சேன்னு இப்பவும் தெரியல, புரியாத பாஷை தெருவுல யாருக்குக் கேட்டா என்ன? அம்மா என் பக்கம் திரும்பவே இல்ல. திரையில மொட்டை மாடி பூரா பொம்பளைங்க நெருக்கி உக்காந்துக்கிட்டு முந்தானையால வாயைப் பொத்திச் சிரிக்கறாங்க, அதையே பாத்துக்கிட்டு சொன்னாங்க, "அதுங்க சிரிக்கற சிரிப்புலயே தெரியுதே என்ன பாட்டுன்னு. நீ சும்மா இரு."

நானும் சும்மா இருந்தேன். ஆனா மண்டைக்குள்ள என்னமோ ஓட ஆரம்பிச்சுடுச்சு. அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு தடவை தனியா பாத்தேன், பழைய ரெக்கார்டு எல்லாம் தேடிக் கேட்டேன், அந்த மனுசனைப் பத்தி கிடைச்சதை எல்லாம் படிச்சேன். படம் 2024 ஏப்ரல்ல வந்துச்சு, எல்லாரும் விமர்சனம் எழுதித் தீர்த்துட்டாங்க, இனிமே நான் வேற எழுதி என்ன ஆகப்போவுது. ஆனாலும் ஒரு விஷயம் உறுத்திட்டே இருக்கு, அதை எழுதினாத்தான் அடங்கும்.

முதல்ல ஆளைத் தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம். லூதியானா பக்கத்துல துக்ரின்னு ஒரு ஊர், 1960ல அங்க பொறந்தவர், பேரு தனி ராம். சமார்ங்கற தலித் சாதி. எலக்ட்ரீசியன் ஆகணும்னு ஆசை, ஆனது துணி மில் கூலி. லூதியானா நம்ம திருப்பூர் மாதிரி பின்னலாடை ஊர், படத்துல சாக்ஸ் பின்ற பாக்டரியில நின்னுக்கிட்டு மெஷின் சத்தத்துக்கே தாளம் போட்டுட்டு இருப்பார். ஆர்மோனியம், டோல்கிங்கற மத்தளம், தூம்பி எல்லாம் கத்துக்கிட்டு, பெரிய பாட்டுக்காரருக்குப் பாட்டு எழுதிக் கொடுத்து எடுபிடி வேலை செஞ்சு, ஒரு நாள் தானே மேடை ஏறி அமர் சிங் சம்கீலா ஆயிட்டார். சம்கீலான்னா மினுமினுக்கறவன். தூம்பின்னா ஒத்தைக் கம்பி வாத்தியம், டிங்கு டிங்குன்னு விடாம கொத்திட்டே இருக்கும், கேக்கக் கேக்க உக்கார விடாது. முதல்ல சுரிந்தர் சோனியாவோட ஜோடி சேந்து பாடினார், அப்புறம் அமர்ஜோத் கவுர் வந்தாங்க, அதோட பஞ்சாப் பைத்தியம் பிடிச்சுப் போச்சு. கேசட் வந்த நேரம் வேற. டிராக்டர்ல சம்கீலா, லாரியில சம்கீலா, கல்யாண வீட்டுல சம்கீலா. ஊர் நடுவுல திறந்தவெளியில நடக்கற கச்சேரிக்கு அங்க அகாடான்னு பேரு, 365 நாள்ல 366 அகாடா பாடினார்னு இன்னிக்கும் கதை சொல்லுவாங்க. 1988 மார்ச் 8, ஜலந்தர் மாவட்டம் மெஹ்சம்பூர், அகாடாவுக்குப் போய் கார்ல இருந்து இறங்கறப்போ சுட்டுக் கொன்னாங்க. அவரு, அமர்ஜோத், குழுவுல இன்னும் ரெண்டு பேரு. அவருக்கு வயசு 27. இதுவரைக்கும் ஒருத்தரையும் பிடிச்சு தண்டிக்கல.

இந்தக் கதையை டைரக்டர் இம்தியாஸ் அலி எப்படி சொல்றார்னா, கொலை நடந்த அன்னிக்கு ராத்திரி. போலீஸ் அதிகாரி ஒருத்தர், "அசிங்கமா பாடறவன்தானே"ங்கற முகத்தோட இருக்கார், அவர்கிட்ட சம்கீலாவோட கூட்டாளிங்க ஒவ்வொருத்தரா கதை சொல்றாங்க, சொல்லச் சொல்ல அதிகாரியோட முகம் கொஞ்சம் கொஞ்சமா இளகுது. கவனிச்சுப் பாத்தா இது வாக்குமூலம். படம் மொத்தமுமே ஒரு கேஸ் விசாரணை மாதிரி கட்டப்பட்டிருக்கு, குற்றம் சாட்டப்பட்டவன் செத்துக் கிடக்கறான், சாட்சிங்க பேசறாங்க, டைரக்டர் வக்கீலா நிக்கறார். எனக்கு உறுத்தற இடம் இதுதான். சுட்டவன் எங்கயோ இருக்கான், கூண்டுல நிக்கறது சுடப்பட்டவன்.

வக்கீல் என்ன வாதம் வைக்கறார்? முதல் வாதம், இவன் மட்டுமா பாடினான், எல்லாரும்தான் பாடினாங்க. இது உண்மை. சம்கீலாவுக்கு முன்னாடியே பஞ்சாப்ல ஆணும் பெண்ணும் ஜோடியாப் பாடறது பெரிய வியாபாரம், முகமது சாதிக் - ரஞ்சித் கவுர் ஜோடி எல்லாம் கொடிகட்டிப் பறந்தவங்க, அந்தப் பாட்டுகள்லயும் ரெட்டை அர்த்தத்துக்குக் குறைச்சல் கிடையாது. ரெண்டாவது வாதம், இது அவன் கண்டுபிடிச்சதே இல்ல, ஊர்ப் பொம்பளைங்க பாட்டு. "நரம் காலஜா"ன்னு ஒரு பாட்டு வருது பாருங்க, கிழவிங்கள்ல இருந்து சின்னப் பொண்ணுங்க வரைக்கும் நேரா கேமராவைப் பாத்து அவங்க ஆசையை அவங்களே பாடறாங்க. அல்கா யாக்னிக்கும் ரிச்சா சர்மாவும் பாடியிருக்காங்க. படத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான். அம்மாவும் அங்கதான் நிமிர்ந்து உக்காந்தாங்க. பஞ்சாப்ல கல்யாணத்துல சம்பந்தி வீட்டுக்காரங்களைப் பொண்ணு வீட்டுப் பொம்பளைங்க பச்சையா கேலி பண்ணிப் பாடறதுக்கு சிட்னியான்னே பேரு இருக்கு. "உங்க அப்பத்தா பாடாததா"ன்னாங்க அம்மா, எங்க சின்ன அத்தை கல்யாணத்துல மாப்பிள்ளையோட மீசையில ஆரம்பிச்சு எங்கெங்கயோ போன பாட்டாம், கடைசியில பெரியப்பா வந்து "போதும் நிறுத்துங்க ஆத்தா, வெளியூர்க்காரங்க இருக்காங்க"ன்னு கும்பிட்டாராம். பாட்டு என்னன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டாங்க.

சரி, வாதம் நல்லா இருக்கு. ஆனா இதே வாதத்தை அடுத்த படி எடுத்துட்டுப் போயிருக்கணும் இல்லையா? எல்லாரும் பாடினாங்கன்னா, ஏன் இவன் மட்டும் செத்தான்? எல்லாரும் பாடின பாட்டு இவன் வாயில மட்டும் ஏன் விஷமாச்சு? இந்தக் கேள்வி வாசல்ல நிக்குது, படம் அதுகிட்ட போறது, கதவைத் தொடறது, திரும்பி வந்துடறது.

பஞ்சாபைப் பத்தி நமக்குத் தெரிஞ்சது கடுகுத் தோட்டமும் லஸ்ஸியும்தான். 2011 கணக்கெடுப்புல அங்க பட்டியல் சாதி மக்கள் கிட்டத்தட்ட 32 சதவீதம், இந்தியாவுல வேற எந்த மாநிலத்துலயும் இவ்வளவு விகிதம் இல்ல. நிலம் யார்கிட்ட? பெரும்பாலும் ஜாட் சாதிக்காரங்ககிட்ட. சீக்கிய குருமாருங்க சாதி கிடையாதுன்னு சொன்னாங்க, எல்லாரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடணும்னு லங்கர் வச்சாங்க, ஆனா ஊருக்குள்ள போனா குருத்வாரா தனி, சுடுகாடு தனி. பசுமைப் புரட்சியில வந்த காசு ஜாட் வீடுகள்ல டிராக்டரா, துப்பாக்கியா, பெரிய கல்யாணமா மாறுச்சு, அந்தக் கல்யாணத்துக்குத்தான் அகாடா புக்கிங். அதாவது சம்கீலாவுக்குக் காசு கொடுக்கறவன் ஜாட், எதிர்ல உக்காந்து கேக்கறவன் ஜாட், பாட்டுக்குள்ள ஹீரோவும் ஜாட். அருவா தூக்கறது, பகை தீக்கறது, சாராயம் குடிச்சுட்டு சலம்பறது, இந்த வீரத்தை எல்லாம் எழுதினது ஒரு சமார் வீட்டுப் பையன். அதே பையன்தான் அந்த வீடுகளுக்குள்ள நடக்கற கள்ள விவகாரத்தையும் ஒலிபெருக்கியில ஊருக்கே கேக்கற மாதிரி பாடறான். போதாக்குறைக்கு அமர்ஜோத் ஜாட் வீட்டுப் பொண்ணு. அதை நம்ம ஊருக்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம், அந்த ஒரு வரியில முழுக் கதையும் புரிஞ்சுடும்.

படத்துல சாதிப் பேரை மறைக்கல, அதைச் சொல்லியே ஆகணும். இந்தி சினிமாவுல அது சின்ன விஷயம் இல்ல. ஆனா எப்படி வருதுன்னா, திட்டுறதுக்கு வருது, அவமானப்படுத்தறதுக்கு வருது, அப்புறம் போயிடுது. பாட்டு வேற, சாதி வேறன்னு ரெண்டு டிராக்ல ஓடுது. அந்தப் பாட்டை எழுதற கைக்கும் அந்த சாதிக்கும் என்ன சம்பந்தம், தன்னை வாசல்ல நிக்க வைக்கற வீட்டோட படுக்கையறை ரகசியத்தைப் பாடறப்போ அவனுக்குள்ள ஒரு சின்ன சந்தோஷமாவது இருந்திருக்காதா? ஒரு பழிவாங்கல்? ஒரு குறும்பு? படத்துல தில்ஜித் தோசாஞ்ச் நடிச்சிருக்கற சம்கீலாவுக்கு அதெல்லாம் கிடையாது. அவர் வெள்ளந்தி. ஜனங்க கேக்கறாங்க, நான் பாடறேன், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். தில்ஜித் பிரமாதமா நடிச்சிருக்கார், பாட்டும் செட்லயே லைவா பாடியிருக்காங்க, தலைப்பாகை கட்டற மனுசன் இந்தப் படத்துக்காக விக் வச்சு நடிச்சிருக்கார், எல்லாம் சரி. ஆனா அந்த வெள்ளந்தித்தனம் எனக்கு சந்தேகமா இருக்கு. ஒரு தலித் கலைஞனைக் காப்பாத்தணும்னா அவனை ஒண்ணும் தெரியாதவனாக் காட்டினாத்தான் காப்பாத்த முடியுமா? கோவக்காரனா, கணக்குத் தெரிஞ்சவனா, தான் என்ன பண்றோம்னு நல்லாவே தெரிஞ்சு பண்ணினவனாக் காட்டினா ஜூரி மனசு இரங்காதோ?

அந்தப் பத்திரிகைக்காரப் பொண்ணு சீன்ல மட்டும் படம் தன்னை மறந்து நிஜத்தைப் பேசிடுது. ஜீன்ஸ் போட்ட ஒரு நிருபர் பேட்டி எடுக்க வர்றா, இந்த ஆளு அவ முகத்தைக்கூட நிமிர்ந்து பாக்கல, குனிஞ்சுக்கிட்டே பதில் சொல்றார். ஊரே கேக்க இடுப்பைப் பத்தியும் தொடையைப் பத்தியும் பாடறவன், பேண்ட் போட்ட பொண்ணு எதிர்ல உக்காந்தா கூசிப் போறான். உங்க பாட்டு பொண்ணுங்களைக் கேவலப்படுத்துதேன்னு அவ கேக்கறா, நியாயமான கேள்வி. எது சரி எது தப்புன்னு யோசிக்கற வசதி எல்லாருக்கும் கிடையாது, என்னை மாதிரி ஆளுங்களுக்கு உயிரோட இருக்கறதே வேலையா இருக்குன்னு அவர் சொல்ற மாதிரி பதில். இந்த பதிலை எல்லாரும் தூக்கி வச்சுக் கொண்டாடினாங்க, எனக்கு ரெண்டு மனசு. சாக்ஸ் பாக்டரிக்காரனா இருந்தப்போ இந்த பதில் உண்மை. ஆனா அந்தப் பேட்டி நடக்கறப்போ அவரு பஞ்சாப்லயே அதிகமா விக்கற பாட்டுக்காரர், கனடாவுல அவரோட கச்சேரிக்கு அமிதாப் பச்சனை விடக் கூட்டம்னு படமே பெருமையா சொல்லுது. ஒழுக்கத்தோட விலை என்னன்னு பணக்காரங்க ஏழைங்களுக்குப் பாடம் எடுக்கறது அயோக்கியத்தனம், ஒத்துக்கறேன். அதுக்காக அந்தப் பொண்ணு கேட்ட கேள்வி அடிபட்டுப் போயிடுமா? அவரு பாட்டுகள்ல சிலதை நான் தேடி அர்த்தம் பாத்தேன், மொட்டை மாடியில சிரிக்கற பொம்பளைங்களோட பாட்டா எல்லாமே இல்ல. வீட்டுக்கு வந்த மருமகளை மாமனாரும் மச்சானும் குறி வைக்கறதைத் தமாஷா சொல்ற பாட்டும் இருக்கு. அப்படி ஒரு வீட்ல வாழ்க்கைப்பட்டவளுக்கு அது தமாஷ் கிடையாது. "நரம் காலஜா"வைக் காட்டி அதுக்கும் சேத்து சர்டிபிகேட் வாங்கிடறார் வக்கீல்.

இப்ப ரஹ்மான். நான் ரஹ்மான் வெறி பிடிச்ச தலைமுறை, "ராக்ஸ்டார்" வந்தப்போ இந்தி புரியாமயே ஆறு மாசம் அதை மட்டும் கேட்டவ, அதனால இதை எழுதக் கை கூசுது. இம்தியாஸ், ரஹ்மான், பாட்டெழுதற இர்ஷாத் காமில், இந்த மூணு பேரும் சேந்தா தப்பே நடக்காதுன்னு ஒரு நம்பிக்கை. பாட்டு எல்லாம் அருமைதான். "பாஜா"வுல ஊரே சேந்து அவனைப் பத்தி வம்பு பேசற மாதிரி அடுக்கியிருக்கறது, எதனால மின்னினானோ அதனாலயே விழுந்தான்னு முதல் பாட்டுலயே தீர்ப்பு எழுதறது, "விதா கரோ"ல அர்ஜித் சிங் குரல்ல தொண்டை அடைக்கறது. ஆனா ரெண்டாவது தடவை பாக்கறப்போ ஒண்ணு பிடிபட்டுச்சு. படத்துல ரெண்டு சங்கீதம் இருக்கு. ஒண்ணு சம்கீலாவோடது, பஞ்சாபி, தூம்பி, டோல்கி, ரெண்டு தொண்டை, கரடுமுரடு. இன்னொண்ணு ரஹ்மானோடது, இந்தி, கோரஸ், நல்ல ஸ்டுடியோ. சம்கீலா பாடறதுதான் வழக்குக்குரிய பொருள், ரஹ்மான் பாட்டு அதுக்கு விளக்கம். அவனோட பாட்டைக் கேட்டு நாம முகம் சுளிக்கறதுக்குள்ள ரஹ்மான் பாட்டு வந்து நம்ம கையைப் பிடிச்சுக்குது, பரவால்ல, இவன் நல்லவன்தான், இவனுக்காக அழலாம்னு. நான் அழுதது எல்லாமே ரஹ்மான் பாட்டுக்குத்தான். சம்கீலா பாட்டு ஒண்ணுக்கும் அழல, அது அழறதுக்கான பாட்டும் கிடையாது. அவனை அழுகாச்சி ஆக்கித்தான் நமக்கு ஏத்தவனா மாத்த வேண்டியிருக்கு, அந்த வேலையை எங்க ஆளு செஞ்சு கொடுத்திருக்கார், அதுவும் ரொம்பப் பிரமாதமா.

சீக்கியர்களுக்குக் காலிஸ்தான்னு தனி நாடு கேட்டு நடந்த தீவிரவாதம் வர்ற பகுதியை நான் பயந்துக்கிட்டே பாத்தேன், அது இன்னும் ஆறாத புண்ணு. 1984 ஜூன்ல பொற்கோயிலுக்குள்ள ராணுவம், அக்டோபர்ல இந்திரா காந்தி, அப்புறம் டெல்லியில சீக்கியர்களைத் தேடித்தேடிக் கொன்னது. அதுக்கப்புறம் வந்த வருஷங்கள்ல ஒரு பக்கம் போலீஸ், ஒரு பக்கம் துப்பாக்கி வச்ச பசங்க, நடுவுல ஊர்க்காரங்க. 1987ல தீவிரவாதிங்க சமூக சீர்திருத்தம்னு ஒரு இயக்கமே நடத்தினாங்க, கல்யாணம் எப்படிப் பண்ணணும், என்ன உடுத்தணும், குடிக்கக் கூடாது, கறி விக்கக் கூடாதுன்னு. சம்கீலாவுக்கும் மிரட்டல் வந்துச்சு, போய் மன்னிப்புக் கேட்டார், பக்திப் பாட்டு பாட ஆரம்பிச்சார். "தல்வார் மைன் கல்கிதர் தீ ஹான்", குரு கோவிந்த் சிங்கோட வாளே பேசற மாதிரி ஒரு பாட்டு, அதுவும் சக்கைப் போடு போட்டுச்சு. அப்புறம் அகாடாவுல ஜனங்க பழைய பாட்டைக் கேட்டுக் கத்தறாங்க, இவரும் திரும்பப் பாடறார். இது எல்லாத்தையும் படம் காட்டுது. மிரட்டறவன், காசு பறிக்கற போலீஸ், பொறாமைப்படற சக பாட்டுக்காரங்க, கௌரவம் பாக்கற ஜாட் குடும்பம்னு எல்லார் மேலயும் கொஞ்சம் கொஞ்சம் சந்தேக வெளிச்சம் அடிச்சுட்டு, கடைசியில சமூகம்தான் கொன்னுச்சுங்கற மாதிரி ஒரு இடத்துல வந்து நிக்குது. சமூகம்னு சொல்லிட்டா யாரு வீட்டுக்கும் சம்மன் போகாது. கொலையாளி யாருன்னு கோர்ட்டே சொல்லாதப்போ படம் சொல்ல முடியாதுதான், அது புரியுது. ஆனா துப்பாக்கி எப்படி ஒழுக்கத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சுது, மதத்துக்காகன்னு ஆரம்பிச்சது எப்படிப் பாட்டுலயும் துணியிலயும் வந்து நின்னுச்சு, அதை இன்னும் கொஞ்சம் தைரியமா காட்டியிருக்கலாம்.

ஏன் சொல்றேன்னா, சம்கீலா செத்து பதினஞ்சாவது நாள், 1988 மார்ச் 23, அதே ஜலந்தர் மாவட்டத்துல இன்னொருத்தரைச் சுட்டாங்க. பாஷ். பஞ்சாபியோட பெரிய புரட்சிக் கவிஞர், இடதுசாரி, காலிஸ்தானை எதிர்த்து வெளிப்படையா எழுதினவர். பகத் சிங்கைத் தூக்குல போட்ட அதே தேதியில. வயசு 37. அந்தக் கவிஞரை ஏன் கொன்னாங்கன்னு யாரும் யோசிச்சு மண்டையை உடைச்சுக்கறது இல்ல, அவர் கருத்துக்காகச் செத்தார், தியாகி. சம்கீலா ஏன் செத்தார்னு கேட்டா மட்டும் அசிங்கமா பாடினான், அதனாலன்னு வாய் தன்னால சொல்லுது. ஒரே மாசம், ஒரே மாவட்டம், கிட்டத்தட்ட ஒரே துப்பாக்கி மணம். எழுதத் தெரிஞ்சவனோட சாவுக்கு அரசியல் இருக்கு, சாக்ஸ் பாக்டரியில இருந்து வந்தவனோட சாவுக்கு மட்டும் அவனோட நடத்தைதான் காரணமாம். வக்கீல் இந்த ஒரு பாயிண்டை எடுத்து வச்சிருந்தா மிச்ச வாதம் எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

இதே கதையைத் தொட்ட இன்னொரு படம் இருக்கு, கபீர் சிங் சௌத்ரி எடுத்த "மெஹ்சம்பூர்", 2018. சம்கீலாவைப் பத்திப் படம் எடுக்கறேன்னு பஞ்சாப்ல கேமராவோட திரியற ஒரு டைரக்டர்தான் அதுல கதாபாத்திரமே, சம்கீலாவோட நிஜக் கூட்டாளிங்களைப் பிடிச்சு வச்சுக்கிட்டு அவங்களை நோண்டி எடுக்கறான். துப்பாக்கிச்சூட்டுல தப்பிச்ச டோல்கிக்காரர் லால் சந்த்ங்கறவரை அதுல பாக்கறப்போ வயித்தை என்னமோ பண்ணும். படம் எடுக்கறவனும் இவங்களைத் தின்னுதான் வாழறான்னு அந்தப் படம் தன்னையே காறித் துப்பிக்குது. இம்தியாஸ் படத்தோட அழகு அதுல கிடையாது, ஆனா அந்த நேர்மையும் இம்தியாஸ் படத்துல கிடையாது. ரெண்டையும் பாருங்க, முதல்ல இம்தியாஸ் படத்தைப் பாத்துட்டு அப்புறம் அதை.

அமர்ஜோத்துக்கு வர்றேன். படம் முடிஞ்சு பேர் ஓடறப்போ அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்தப் புள்ள என்ன, பாடறப்போ அந்த வாய் வாயாடுது, மத்த நேரம் பேசவே மாட்டேங்குது?" நான் மூணு தடவை பாத்து, இத்தனை படிச்சு, யோசிச்சு வந்து சேர்ற இடத்துக்கு அம்மா சப்டைட்டில் இல்லாமயே வந்துட்டாங்க. ஏற்கனவே கல்யாணம் ஆகி குழந்தைங்க இருக்கற ஆளைக் கட்டிக்கறா, குடும்பத்தை விட்டு, சாதியை விட்டு. மிரட்டல் கடிதம் வருது, அவளுக்கும் சேத்துத்தானே வருது? அந்தக் குண்டு அவ மேலயும்தானே பாஞ்சுது? அவ என்ன நினைச்சா? இந்தப் பாட்டைப் பாடறதுல அவளுக்குக் கூச்சமா, சிரிப்பா, வேலை மாதிரியா? பரினீதி சோப்ரா நல்லாத்தான் பண்ணியிருக்காங்க, ஆனா அவங்களுக்குக் கொடுத்ததே பக்கத்துல நிக்கற வேலை. அவரோட பாட்டு அசிங்கமா இல்லையான்னு ரெண்டரை மணி நேரம் விசாரணை நடக்குது, அந்தப் பாட்டுல பாதியைப் பாடினவளை ஒருத்தரும் சாட்சிக் கூண்டுல ஏத்தல. முதல் மனைவி கதையும் அப்படித்தான், வந்த வேகத்துல கடந்து போயிடுது. கலைஞனோட வாழ்க்கைப் படம்னாலே இந்த ஒரு வியாதி, பொண்டாட்டிங்க எல்லாம் நேரம் காட்டற கடிகாரம் மாதிரி சுவத்துல மாட்டியிருப்பாங்க.

ரெக்கார்டுல அப்படி இல்லைங்க. அது வேற உலகம். அந்த ஜோடிப் பாட்டோட அமைப்பே சண்டை, அவன் ஒண்ணு சொல்வான், அவ வெடுக்குனு ஒண்ணு சொல்வா. அமர்ஜோத் குரல் அவரோடதை விட ஒரு மாடி மேல இருக்கும், சில்லுனு, கத்தி மாதிரி, அவர் வரியை முடிக்கக்கூட விடாம வந்து விழும். "பெஹ்லே லல்காரே நால்"னு ஒரு பாட்டு, படத்துலயும் வருது. முதல் அதட்டல்ல பயந்துட்டேன், ரெண்டாவது அதட்டல்ல உள்ள ஓடிட்டேன், மூணாவதுல வாயை மூடிட்டேன்னு ஒரு பொண்ணு பாடறா. பயந்தாங்கொள்ளி மாதிரி ஒவ்வொரு படியா இறங்கிட்டே வந்து, கடைசியில, என் ஆளைப் பத்தித் தப்பா மட்டும் பேசாத, வேணும்னா என் உயிரை எடுத்துக்கோங்கறா. கேட்டுட்டு நான் அப்படியே உக்காந்துட்டேன். மெஹ்சம்பூர் ஞாபகம் வராம இருக்குமா?

போன வாரம் அடுப்படியில இதைப் போன்ல ஓடவிட்டிருந்தேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தாங்க. "அந்தப் படத்துப் பொண்ணா?"ன்னாங்க. ஆமாம்மா, இது நெசப் பொண்ணோட குரலுன்னேன். "என்ன பாடறா?" இந்தத் தடவை வரி வரியா சொன்னேன், ஒண்ணையும் முழுங்கல. கையில பிடிச்ச கொத்தோட அப்படியே கேட்டுட்டு இருந்தாங்க.

"அவன் என்ன பதில் சொல்றான் அதுக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா, தூம்பிதான் வருது, திரும்ப அவளேதான் பாடறா."

"சரி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு."